தொங்கு காதில் சிக்கு விழுந்தால்... கத்தரியைக் கீழே வையுங்கள்!

பல்லடம் வட்டாரத்தில் தோட்டத்துச் சாளைகளில் நாய் இல்லாத வீடு அபூர்வம். கோழிப்பண்ணைக்குக் காவல், பட்டிக்குக் காவல், ராத்திரி தறிக் குடோனுக்குக் காவல் என்று ஒவ்வொரு நாய்க்கும் ஒரு உத்தியோகம் உண்டு. முன்பெல்லாம் அவை நாட்டு நாய்கள். குட்டை முடி, நிமிர்ந்த காது. சீப்பு என்றால் என்னவென்றே அறியாத ஜாதி! இப்போது நிலைமை மாறிவிட்டது. பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள் என்று காக்கர் ஸ்பேனியல், லாசா ஆப்ஸோ, ஷிட்ஸு என்று பட்டுப்போன்ற முடியும் தொங்கும் காதும் உள்ள நாய்கள் வீட்டுக்குள் வந்துவிட்டன.

வந்த புதிதில் எல்லாம் அழகுதான். ஆறேழு மாதம் போனதும் காதுக்குப் பின்னால் ஒரு சின்ன முடிச்சு. "சரி, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டால், ஒரு மாதத்தில் அது கொட்டைப்பாக்கு அளவு ஆகிவிடும். அதையும் விட்டால் காது முழுவதும் ஒரே கம்பளித் துண்டாகி, நாய் தலையைத் தொடவே விடாது. கடைசியில் வீட்டில் யாராவது கத்தரிக்கோலை எடுப்பார்கள். முடிக்குப் பதில் காது கிழிந்து ரத்தம் கொட்டும்!

இது அழகு சமாச்சாரம் இல்லை, ஆரோக்கிய சமாச்சாரம். நாயின் ஆரோக்கியம் மட்டுமல்ல, அதோடு விளையாடுகிற குழந்தைகளின் ஆரோக்கியமும் இதில் அடங்கியிருக்கிறது. அதனால் இந்த இதழில், காதுச் சிக்கை எப்படி எடுப்பது, எப்போது எடுக்காமல் டாக்டரிடம் போவது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முடி ஏன் சிக்காகிறது?

பல நாய்களுக்கு இரண்டு அடுக்கு முடி உண்டு. மேலே தெரிகிற நீள முடி ஒன்று. அதற்கு அடியில் பஞ்சு மாதிரி மெல்லிய உள்முடி ஒன்று. உள்முடி அவ்வப்போது உதிரும். குட்டை முடி நாய் என்றால் உதிர்ந்தது தரையில் விழுந்துவிடும். நீள முடி நாய்க்கு அது கீழே விழாது. மேல் முடிக்குள் மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்ட முடி, உயிரோடு இருக்கிற முடியைச் சுற்றிக்கொண்டு முடிச்சு போடும். இதுதான் சிக்கின் ஆரம்பம்.

முடியின் மேற்பரப்பில் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. ஈரமும் உரசலும் சேர்ந்தால் ஒரு முடியின் செதில் இன்னொன்றில் கொக்கி போட்டுக்கொள்ளும். கம்பளிச் சட்டையைச் சுடுதண்ணீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிக் கெட்டியாகிறதே, ஏறக்குறைய அதே கதைதான். பருத்தித் துணி அப்படி ஆவதில்லை. துணி நெய்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

உடம்பு முழுவதும் முடி இருக்க, காதில் மட்டும் ஏன் முதலில் சிக்கு விழுகிறது? நான்கு காரணங்கள்.

ஒன்று, காதுக்குப் பின்னால் இருக்கிற முடி மிக மெல்லியது, சீக்கிரம் பின்னிக்கொள்ளும்.

இரண்டு, தொங்கு காது நடக்கும்போதெல்லாம் கழுத்தில் உரசுகிறது. கழுத்துப்பட்டையும் அதே இடத்தில்தான் உரசும்.

மூன்று, தண்ணீர் குடிக்கும்போதும் சோறு தின்னும்போதும் காதின் நுனி கிண்ணத்துக்குள் போகிறது. குழம்புச் சோறும் எச்சிலும் ஒட்டிக் காய்ந்தால் பசை போட்ட மாதிரிதான்.

நான்கு, காதுக்குள் அரிப்பு இருந்தால் நாய் பின்னங்காலால் சொறியும். சொறியச் சொறிய முடி திரிந்து உருண்டையாகும். ஆகவே, எவ்வளவு சீவினாலும் ஒரு பக்கக் காதில் மட்டும் திரும்பத் திரும்பச் சிக்கு விழுந்தால், கோளாறு முடியில் இல்லை. காதுக்குள்ளே இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மனசில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊருக்கே உரிய சங்கடங்கள்

காக்கர் ஸ்பேனியல் இங்கிலாந்தில் புதர்க்காட்டுப் பறவைகளைக் கிளப்பி விடுவதற்காக வளர்க்கப்பட்ட வேட்டை நாய். அந்தக் குளிருக்கு அந்த முடி பொருத்தம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்ற நம் தமிழ்நாட்டு ஜாதிகளைப் பாருங்கள். எல்லாமே குட்டை முடி. இந்த வெயிலுக்கும் முள்ளுக்கும் ஏற்றபடி அமைந்தவை. 2005-ல் இந்தியத் தபால் துறை நாய்களுக்காக வெளியிட்ட தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. அந்த நாய்க்குக் காதில் சிக்கெடுத்தார்கள் என்று யாரும் சொல்லக் கேட்டிருக்க மாட்டீர்கள்!

பல்லடம், காங்கயம், தாராபுரம் பக்கம் கொரங்காடு என்று மேய்ச்சல் நிலம் இருக்கிறதல்லவா? கிளுவை வேலி, வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். மாட்டுக்கும் ஆட்டுக்கும் அது அமிர்தம். நீள முடி நாய்க்கோ அது தொல்லை. கொழுக்கட்டைப் புல்லின் கதிரில் மயிர் போன்ற முட்கள் இருக்கும், தொட்டால் ஒட்டிக்கொள்ளும். வரப்போரத்து நாயுருவி விதை வேட்டியில் ஒட்டுகிற மாதிரியே காது முடியிலும் ஒட்டும். ஒரு விதை போதும். அதைச் சுற்றி முடி உருண்டு சிக்கு தயார்.

ஊசிப்புல் இன்னும் ஆபத்து. அதன் விதை ஒரு முனையில் கூராகவும் மறுமுனையில் முறுக்கிய வாலோடும் இருக்கும். ஈரம் பட்டால் அந்த வால் முறுக்கு அவிழ்ந்து விதையை முன்னால் தள்ளும். மண்ணுக்குள் துளைத்துப் போவதற்காக இயற்கை கொடுத்த வசதி அது. அதுவே நாயின் தோலிலோ காதுத் துவாரத்திலோ மாட்டினால் உள்ளேதான் போகும், வெளியே வராது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, புல் முற்றிக் கதிர் விடும் காலத்தில் இந்தத் தொல்லை அதிகம். மழைக்காலத்தில் ஈரம். ஆடிக் காற்றில் தூசி. இதோடு தறிக் கூடத்துப் பக்கம் திரிகிற நாய்க்குப் பஞ்சுத் தூசியும் துண்டு நூலும் சேரும். நூல் ஒரு தனி ஆபத்து. காதின் அடியைச் சுற்றிக்கொண்டு முடிக்குள் மறைந்துவிட்டால் வெளியே தெரியாது. உள்ளே இறுக்கிக்கொண்டே போகும்.

சிக்கை விட்டால் என்ன ஆகும்?

"முடிதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்கிறவர்களுக்காக இந்தப் பகுதி.

சிக்கு ஒரு இடத்தில் விழுந்தால் அதைச் சுற்றியிருக்கிற முடியையும் இழுத்துக் கட்டும். நாய் தலையை அசைக்கும் ஒவ்வொரு தடவையும் தோல் இழுபடும். சின்னப் பெண்ணின் ஜடையை இறுக்கிப் பின்னிவிட்டு, நாள் பூரா யாராவது இழுத்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

சிக்குக்கு அடியில் காற்று போகாது. குளித்த ஈரம் காயாது. தோல் வெந்து சிவந்து, தண்ணீர் கசிந்து, ஒரே ராத்திரியில் உள்ளங்கை அகலப் புண்ணாகிவிடும். அந்த ஈரப் புண்ணில் ஈ உட்கார்ந்து முட்டையிட்டால், ஒரு நாளைக்குள் புழு வந்துவிடும். மேலே பார்த்தால் முடி. தூக்கிப் பார்த்தால் உள்ளே புழு நெளியும். கால்நடை டாக்டர்கள் அடிக்கடி பார்க்கிற காட்சி இது.

உண்ணிக்கும் இதைவிட நல்ல மறைவிடம் கிடையாது. காது மடலின் உட்புறமும் அடிப்பகுதியும் உண்ணிக்குப் பிடித்த இடங்கள். நாயின் உண்ணி, எர்லிக்கியா, பபேசியா என்ற கிருமிகளைப் பரப்பும். காய்ச்சல், சோறு தின்னாமை, ஈறு வெளுத்தல், சில சமயம் மூக்கில் ரத்தம் என்று ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்தது காதின் உள்பகுதி. மனிதக் காதுத் துவாரம் ஏறக்குறைய நேராக உள்ளே போகிறது. நாயின் காதுத் துவாரமோ முதலில் கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் திரும்புகிறது. கிணற்றுக்குள் இறங்கி, அடியில் பக்கவாட்டில் ஒரு சுரங்கம் போகிற மாதிரி. இறங்கிய தண்ணீரும் அழுக்கும் தானாக மேலே வராது. நிமிர்ந்த காதுக்காவது காற்றோட்டம் உண்டு. தொங்கு காது கதவை மூடியது போல் துவாரத்தை மூடிவிடும். அந்தக் கதவு சிக்கினால் கனத்துப்போனால் கேட்கவே வேண்டாம். வெப்பமும் ஈரமும் இருட்டும் சேர்ந்தால் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் கொண்டாட்டம்தான்.

காது அரித்தால் நாய் தலையை உதறும். விடாமல் உதறினால் மடலுக்குள் இருக்கிற ரத்தக் குழாய் உடைந்து, தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் ரத்தம் தேங்கும். காது கொழுக்கட்டை மாதிரி உப்பிவிடும். இதற்குப் பல சமயம் ஆபரேஷன் வரைக்கும் போக வேண்டியிருக்கும். ஒரு சீப்பில் முடிந்திருக்க வேண்டிய வேலை!

டாக்டரிடம் ஒரு பேச்சு

கால்நடை மருந்தகத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்.

"ஏனுங் டாக்டர், நாயி ரெண்டு நாளா காதை ஆட்டீட்டே இருக்குதுங்க. முடி கட்டி கட்டியாக் கெடக்குது. கத்தரிச்சு உட்டரலாமுங்களா?"

"கத்தரிக்கோலத் தொட்டுப்போடாதீங்கம்மா. மொதல்ல காதை மோந்து பார்த்தீங்களா?"

"அதையேனுங் கேக்கறீங்க, புளிச்ச மாவாட்டம் நாறுதுங்க."

"அப்போ முடி ரெண்டாவது. காதுக்குள்ள புண்ணு இருக்குது. அதைப் பார்த்துட்டு அப்புறம் முடிக்கு வருவோம்."

இதில்தான் முதல் பாடம் இருக்கிறது. சிக்கெடுப்பதற்கு முன்னால் மூக்கும் கண்ணும் வேலை செய்ய வேண்டும், கை பிறகுதான்.

முதல் படி: பாருங்கள், மோந்து பாருங்கள்

நல்ல காதுக்கு நாற்றம் இருக்காது. உட்புறம் வெளிறிய ரோஜா நிறத்தில் இருக்கும். கொஞ்சம் மெழுகு இருப்பது சகஜம்.

கீழே சொல்கிற ஏதாவது ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். நேராகக் கால்நடை டாக்டர்தான்.

* புளித்த நாற்றம் அல்லது அழுகல் நாற்றம்.
* காபித்தூள் போன்ற கறுப்புக் கசடு, அல்லது மஞ்சள் சீழ்.
* தலையை ஒரே பக்கம் சாய்த்து வைத்திருப்பது, நடையில் தள்ளாட்டம்.
* காதைத் தொட்டால் கத்துவது, கடிக்க வருவது.
* மடல் உப்பியிருப்பது.
* காது நுனி மற்றக் காதைவிடச் சில்லென்று இருப்பது, அல்லது கறுத்திருப்பது. சிக்கோ நூலோ ரத்த ஓட்டத்தை நிறுத்தியிருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும்.
* ரத்தம், புழு, ஈரப்புண்.
* விரல் நுனி நுழைய இடம் இல்லாமல் தோலோடு ஒட்டிப்போன சிக்கு.

புழு என்றதும் கற்பூரம், டர்பன்டைன், பினாயில், மண்ணெண்ணெய் என்று எதையாவது ஊற்றுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். தோல் வெந்துபோகும்; நாய் நக்கினால் விஷம் உள்ளே போகும். உண்ணிக்கென்று வயலுக்கும் பண்ணைக்கும் அடிக்கிற பூச்சிமருந்தைத் தடவுவதும் அப்படித்தான். வலி தெரியாமல் இருக்கட்டும் என்று நாம் சாப்பிடுகிற வலி மாத்திரையை உடைத்துக் கொடுப்பது அதைவிட மோசம். வயிற்றில் புண், சிறுநீரகக் கோளாறு என்று போய் உயிரையே பறித்துவிடும்.

இரண்டாம் படி: சாமான்களை எடுத்து வையுங்கள்

பெரிய செலவு ஒன்றும் இல்லை. பல் அகலமான ஒரு ஸ்டீல் சீப்பு, பல் நெருக்கமான ஒரு ஸ்டீல் சீப்பு, வளைந்த மெல்லிய கம்பிகள் வைத்த ஒரு பிரஷ், கொஞ்சம் சோள மாவு, ஒரு பழைய துண்டு. வளர்ப்புப் பிராணிக் கடைகளில் சீப்பும் பிரஷ்ஷும் கிடைக்கும். நாய்க்கு வைத்த சீப்பை வீட்டில் வேறு யாரும் உபயோகிக்கக்கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

இன்னொரு சாமானும் உண்டு: பொறுமை. அதைக் கடையில் விற்பதில்லை.

குளிப்பாட்டிவிட்டுச் சிக்கெடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். நமக்குத் தலைக்குக் குளித்தால் சிக்கு இளகுகிற மாதிரி தோன்றும். நாய்க்கு நேர்மாறு. இறுகின முடிச்சில் தண்ணீர் பட்டுக் காய்ந்தால் அது இன்னும் இறுகும். முதலில் சிக்கு, பிறகுதான் குளியல்.

மூன்றாம் படி: சிக்கெடுப்பது

தறி ஓட்டுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கோன் நூல் சிக்கிக்கொண்டால் யாராவது படக்கென்று இழுப்பார்களா? இழுத்தால் இறுகும் அல்லது அறுந்துபோகும். நுனியைத் தேடி, தளர்த்தி, இழை இழையாகப் பிரிப்பார்கள். நாயின் காதிலும் அதே வித்தைதான்.

நாய் ஓடியாடிக் களைத்து, சாப்பிட்டுச் சாவதானமாக இருக்கும் நேரம் நல்லது. மடியிலோ திண்ணையிலோ துண்டை விரித்து உட்கார வையுங்கள். தலையைத் தடவி, பேச்சுக் கொடுங்கள்.

1. காதின் உட்புறத்தில் உங்கள் இடது உள்ளங்கையை வைத்து மடலைத் தாங்கிக்கொள்ளுங்கள். தோல் எங்கே முடிகிறது, சிக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலால் தடவித் தெரிந்துகொள்ளுங்கள்.

2. சிக்கின் மேல் ஒரு சிட்டிகை சோள மாவு தூவி விரலால் தேய்த்து விடுங்கள். ஈரப் பிசுக்கை மாவு உறிஞ்சும்; முடி வழுக்கிப் பிரியும். மாவு காதுத் துவாரத்துக்குள் விழக்கூடாது. புல் விதை, பசை மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் மாவுக்குப் பதில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போடலாம்.

3. சிக்கின் அடியை, அதாவது தோலுக்குப் பக்கத்தில் இருக்கிற முடியை, இடது கையின் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இனி நீங்கள் இழுக்கிற இழுப்பு விரலோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. இந்த முழுப் பாடத்தில் முக்கியமான ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்லலாம்.

4. வலது கை விரல்களால் சிக்கை இரண்டாகப் பிரியுங்கள். முடி வளர்கிற வாக்கில், நீளவாக்கில் பிரிக்க வேண்டும். இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். பல சிக்குகள் சீப்பே இல்லாமல் இந்த இடத்திலேயே அவிழ்ந்துவிடும்.

5. பிறகு அகலப் பல் சீப்பின் கடைசி இரண்டு, மூன்று பற்களை மட்டும் உபயோகித்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து விடுங்கள். நுனி விட்டதும் அதற்கு மேல், பிறகு அதற்கு மேல். அடியிலிருந்து ஆரம்பித்தால் எல்லா முடிச்சும் ஒன்றாகச் சேர்ந்து இறுகிவிடும்.

6. பத்து நிமிஷம் போதும். சிக்கு பாக்கி இருந்தாலும் நிறுத்திவிட்டு ஒரு தீனித் துண்டு கொடுங்கள். மிச்சம் சாயங்காலம் அல்லது நாளைக்கு. ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று நாயை அழுத்திப் பிடித்தால், அடுத்த தடவை சீப்பைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

7. முடிவில் நெருக்கப் பல் சீப்பை அடியிலிருந்து நுனி வரை விட்டுப் பாருங்கள். தடை இல்லாமல் போனால் பாஸ்! பிரஷ் மட்டும் போட்டால் மேல் முடி பளபளக்கும். அடியில் சிக்கு அப்படியே இருக்கும். பலரும் ஏமாறுகிற இடம் இது.

நாய் உறுமினால், உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினால், அல்லது அசையாமல் விறைத்து நின்று ஓரக்கண்ணால் பார்த்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள். அதற்கு வலிக்கிறது என்று அர்த்தம்.

கத்தரிக்கோல் ஏன் கூடாது?

காது மடல் என்பது இரண்டு தோல், நடுவில் மெல்லிய குருத்தெலும்பு. அவ்வளவுதான். சிக்கைக் கையால் இழுத்துப் பிடிக்கும்போது தோலும் கூடாரம் மாதிரி எழும்பி முடியோடு வந்துவிடும். எது முடி, எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது. காதின் ஓரத்தில் சின்ன மடிப்பு ஒன்றும் இருக்கிறது. அது முடிக்குள் ஒளிந்திருக்கும். கத்தரி பட்டால் போச்சு! காதில் ரத்தக் குழாய்கள் அதிகம். நாய் தலையை உதற உதற ரத்தம் நிற்காது.

வெட்டியே ஆக வேண்டும் என்றால் பாதுகாப்பானது மின்சார முடிவெட்டும் மிஷின்தான். அதையும் பழகியவர்கள் செய்வது நல்லது. பிளேடு சூடாகும், அவ்வப்போது மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காது முழுவதும் சிக்காகி நாய் வலியில் துடித்தால், டாக்டர் மயக்க ஊசி போட்டு மொத்தமாக எடுத்துவிடுவார். "ஐயோ, அழகு போயிடுமே" என்று யோசிக்க வேண்டாம். முடி சில மாதங்களில் வளர்ந்துவிடும். வலியோடு வாழ்ந்த நாளைத் திருப்பித் தர முடியாது.

இறுகின சிக்கை எடுத்த பிறகு ஒரு எச்சரிக்கை. அதுவரை அழுந்தியிருந்த மடலுக்குத் திடீரென்று ரத்த ஓட்டம் பாயும். குறுகுறுப்பில் நாய் தலையை வேகமாக உதறும். அந்த உதறலிலேயே மடலில் ரத்தம் கட்டிவிடுவது உண்டு. ஆகவே இரண்டு நாள் கவனித்துக்கொண்டே இருங்கள். உப்பல் தெரிந்தால் டாக்டரிடம் போங்கள். மொட்டை அடித்த காதில் உச்சி வெயில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்ப வராமல் இருக்க...

சிக்கெடுப்பது தண்டனை, சிக்கு விழாமல் பார்ப்பது சுகம். வழி சுலபம்தான்.

தினமும் இரண்டு நிமிஷம் காதை மட்டும் சீவுங்கள். முடியை வகிடு வகிடாகப் பிரித்து, அடியிலிருந்து சீவ வேண்டும். உடம்பு முழுவதற்கும் வாரம் இரண்டு, மூன்று தடவை. கொரங்காட்டிலோ வயலிலோ சுற்றிவிட்டு வந்தால் வாசலிலேயே நிறுத்தி, காது, அக்குள், கால்விரல் இடுக்கு மூன்றையும் தடவிப் பாருங்கள். விதையை அன்றைக்கே எடுத்தால் விரலோடு வந்துவிடும்.

வாய் குறுகின, ஆழமான கிண்ணத்தில் சோறும் தண்ணீரும் வையுங்கள். மூக்கு உள்ளே போகும், காது வெளியே தொங்கும். சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் இரண்டு காதையும் தலைக்குப் பின்னால் தள்ளி ஒரு துணி வளையம் மாட்டலாம். பக்கத்தில் திருப்பூரை வைத்துக்கொண்டு துணிக்கா பஞ்சம்? பழைய பனியனை வெட்டி வளையமாகத் தைத்தால் போதும். இரண்டு விரல் நுழைகிற அளவு தளர்வாக இருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் கழற்றிவிட வேண்டும், மறந்துவிடக்கூடாது.

குளியல் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போதும். மனிதத் தோலுக்கு அமிலத் தன்மை கொஞ்சம் அதிகம். நாய்த் தோலுக்குக் குறைவு. நம் ஷாம்பூ அதற்குச் சேராது. சோப்பும் சீயக்காயும் தோலை வறட்டிவிடும்; சீயக்காய் கண்ணில் பட்டால் எரிச்சல் வேறு. நாய்க்கென்று விற்கிற ஷாம்பூவையே வாங்குங்கள். காதுக்குள் தண்ணீர் போகாமல், தலையைக் கடைசியில் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். குளித்ததும் காதைத் துண்டில் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் மறுபடி சிக்கு. முழுவதும் காய்ந்த பிறகு ஒரு தடவை சீவினால் வேலை முடிந்தது.

காதுக்குள் பட்ஸ் விடாதீர்கள். அது அழுக்கை அந்த வளைவுக்குள் தள்ளிவிடும். வேப்பெண்ணெய், நல்லெண்ணெய், நுரைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் ஊற்ற வேண்டாம். செவிப்பறை ஓட்டையாகியிருந்தால் அது உட்காது வரைக்கும் போய்க் கெடுதி செய்யும். செவிப்பறை முழுசாக இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்துச் சொல்ல டாக்டரால்தான் முடியும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன சம்பந்தம்?

சம்பந்தம் நிறைய உண்டு. சிக்குக்கு அடியில் வட்ட வட்டமாக முடி கொட்டி, செதில் உதிர்ந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். நாயிடமிருந்து அது மனிதனுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்குத் தொற்றும். ஒருவகைச் சொறியும் அப்படித்தான். தனிச் சீப்பு வைக்கச் சொன்னது இதற்காகத்தான். சீவி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். உதிர்ந்த முடியைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போடுங்கள். உண்ணி இருந்தால் விரலால் நசுக்காதீர்கள். சிறு இடுக்கியால் தோலுக்கு ஒட்டினாற்போல் பிடித்து, நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் கடி. காது வலிக்கிற நாயின் கழுத்தைக் குழந்தை ஆசையாகக் கட்டிப்பிடித்தால் என்ன நடக்கும்? எவ்வளவு சாதுவான நாயும் வலியில் சட்டென்று திரும்பிக் கடித்துவிடும். "எங்க நாய் கடிக்கவே கடிக்காதுங்க" என்று சொல்கிற வீட்டில்தான் இது நடக்கிறது. சிக்கெடுக்கும்போது சின்னக் குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

வீட்டு நாயே ஆனாலும், பல் பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக்கூடாது. நேராக ஆஸ்பத்திரி. ஒரு காலத்தில் வெறிநாய்க் கடிக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயந்துகொண்டே பலர் தள்ளிப்போட்டார்கள். குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் என்றால் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்த ஊசிதான் ஞாபகம் வரும். இப்போது அந்த வயிற்று ஊசி கிடையாது. கையில் போடுகிற சில ஊசிகள்தான். அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். ஆனால் நோய் வந்துவிட்டால் பிழைக்க வைக்க வழி இல்லை. நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி அடுத்த தவணையும் வருடாந்திர ஊசியும். சீப்பு வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி

தொங்கு காது நாய் ஒன்று வாங்கலாம் என்று யோசிக்கிறவர்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் இரண்டு நிமிஷம் காதைச் சீவப் போவது யார்? "நான்தான்" என்று ஒருவர் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டால் தாராளமாக வாங்குங்கள். "எல்லாரும் பார்த்துக்கலாம்" என்றால் யாரும் பார்க்கப் போவதில்லை! அப்படிப்பட்ட வீட்டுக்கு நம் நாட்டு நாய்க்குட்டி ஒன்றே உத்தமம். வெயில் தாங்கும், முள் தாங்கும், வாலாட்டுவதிலும் குறை வைக்காது.

வாங்கியாயிற்று, நாய் வீட்டில் இருக்கிறது என்றால், இன்று சாயங்காலமே அதைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இரண்டு காதையும் தூக்கிப் பாருங்கள், மோந்து பாருங்கள், பின்புறம் விரலால் தடவுங்கள். சிக்கு இன்னும் சுண்டைக்காய் அளவுதான் என்றால் அது உங்கள் கையாலேயே தீர்ந்துவிடும். கொட்டைப்பாக்கு ஆகும் வரை காத்திருக்காதீர்கள்.